செட் என்னும் சொல்லும் என் பல்வரிசையும்

இதனை எழுத நேர்ந்தமைக்கு ஏதுக்கள் இரண்டு. என் பெயர்த்தியின் மண உறுதி நாளன்று திருவரங்கத்துத் திருமணக்கூடத்தில் நிகழ்ந்ததை உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகச் சொல்லி வருகின்றனர். ஒருவர் கூற்றின்படி நான் மேடையிலேயே மயங்கி விழுந்தேன். வேறொருவர் கூற்றின்படி என் பற்கள் முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவரின் மடியில் சென்று விழுந்தன. இரண்டும் பொய். அடுத்ததாக, ‘செட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஒன்பது ஆண்டுகளாக நான் எழுதிவரும் குறிப்பேட்டை அன்றோடு தூக்கி எறிந்துவிட்டேன் என்று நண்பர் சிலர் நம்புகின்றனர். அதுவும் பொய். நடந்தது என் வாய்க்குள் நடந்தமையால், மிக நெருங்கிய சான்று நானே. எனவே எழுதுகிறேன்.

குறிப்பேட்டிலிருந்து தொடங்குவது முறை. திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, ஓய்வூதியத் தாள்களைப் படியெடுப்பதற்காகச் சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு கடைக்குச் சென்றேன். “இரண்டு படிகள் வேண்டும்,” என்றேன். கடைக்காரர் தாள்களை வாங்கி, பொறியருகே நின்றவரிடம், “பெரியவருக்கு ரெண்டு செட்டு,” என்று மொழிபெயர்த்தார். பக்கத்து உணவகத்தில் அமர்ந்தேன். பரிமாறுபவர் உள்ளே நோக்கி, “பூரி ஒரு செட்டு,” என்றார். ஒன்றாம் எண் பேருந்தில் திருவானைக்காவல் வந்து வீட்டுக்குள் நுழைந்தால், என் மனைவி கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தபடி, “இந்தக் குளிருக்குத் தயிர் செட்டே ஆகமாட்டேங்குது,” என்று வருந்திக்கொண்டிருந்தார். தாளும் பூரியும் தயிரும் ஒரே முற்பகலில் ஒரே சொல்லுக்குள் அடங்கியதைக் கண்டு திடுக்கிட்டேன். அன்று மாலையே ஒரு குறிப்பேடு வாங்கினேன்.

என் நோக்கம் எளியது. இச்சொல் எங்கெங்கெல்லாம் நுழைந்துள்ளதோ அங்கெல்லாம் ஏற்ற தமிழ்ச்சொல்லை எழுதிவைப்பது. நான் மட்டுமாவது அச்சொல்லை வாயால் சொல்லாதிருப்பது. பூரிக்கு ‘இணை’ என்று எழுதினேன். தயிருக்கு ‘உறைதல்’ ஏற்கனவே இருக்கிறது. எதிர்வீட்டில் கூரை வார்த்தபோது கொத்தனார், “செட் ஆகட்டும் சார், அதுவரைக்கும் யாரும் மேல ஏறக்கூடாது,” என்றார். ‘இறுகுதல்’ என்று எழுதினேன். வயலில் நீர் இறைப்பது பம்புசெட்டு. நாகசுரக்காரர்களும் தவிற்காரர்களும் சேர்ந்து வந்தால் மேளம் ஒரு செட்டு. கழுத்துக்கும் காதுக்கும் ஒத்த வேலைப்பாடு இருந்தால் நகைக்கடையில் அது செட்டு. உடன் படித்தோர் எல்லாம் ‘எங்க செட்டு’. அவர்களுள் நால்வர் கூடி ஐந்தாமவரைப் பற்றிப் பேசினால் ‘செட்டு சேர்ந்துகிட்டாங்க’. விழிப்பூட்டும் மணியைத் திருகி வைப்பதும் செட் பண்ணுவதே. இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணின் மனத்தைக் கவர முயல்வதும் செட் பண்ணுவதே. இவ்விரண்டுக்கும் ஒரு வினைச்சொல் போதும் என்று கருதிய மக்களின் துணிவை நான் வியக்கிறேன்.

பள்ளிக் கணக்குப் பாடநூல் ஒன்றே எனக்கு ஆறுதல் அளித்தது. அதில் இதனைக் ‘கணம்’ என்று அழகாக எழுதியிருந்தனர். அந்த ஊக்கத்தில் ஒருநாள் உணவகத்தில், “பூரி ஒரு கணம்,” என்று கேட்டேன். “ஒரு கணம் என்ன சார், அரைக் கணத்துல வந்துடும்,” என்று பரிமாறுபவர் உறுதியளித்தார். பூரி வர ஒரு நாழிகை ஆயிற்று.

இவற்றுள் என்னை மிகவும் வருத்தியது ‘செட் ஆகல’ என்பது. ஊர்த் தண்ணீர் செட் ஆகல, புது மாத்திரை செட் ஆகல, மேலாளர் செட் ஆகல, மூக்குக் கண்ணாடி செட் ஆகல. பொருந்தாமை, ஒவ்வாமை, இயையாமை என்று மூன்று சொற்களை எழுதி வைத்தேன். மூன்றையும் ஒருவரும் கேட்டு வரவில்லை.

இந்நிலையில், சென்ற வைகாசித் திங்களில், என் பெயர்த்தியைப் பெண் கேட்டுக் கைலாசபுரத்திலிருந்து ஒரு குடும்பத்தார் எங்கள் இல்லம் வந்தனர். இளையோர் இருவரும் ஒருவரையொருவர் முன்னரே அறிந்தவர்கள்; வந்தது ஒரு முறைமைக்காக. மணமகனின் பாட்டனார், தொழிற்சாலையில் இரும்பைப் பற்றவைக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொறிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். உட்கார்ந்த உடனே என் கையைப் பற்றிக்கொண்டார்.

“சம்பந்தி, பையனுக்கும் பொண்ணுக்கும் செட் ஆயிடுச்சு. அது நம்ம கையில இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் செட் ஆயிட்டா போதும்.”

“பொருந்தும் என்றே நம்புகிறேன்,” என்றேன்.

அவர் மகிழ்ந்து தம் மகன் பக்கம் திரும்பினார். “பாத்தியாடா, மேடையில பேசற மாதிரியே பேசறாரு. இனிமே நம்ம வீட்டு விசேஷத்துக்குப் பேச்சாளர் வெளியில தேட வேணாம்.”

அவர் பேசிக்கொண்டே போனார். நான் பொறுக்கமாட்டாமல் எழுந்து சமையலறைக்குள் சென்று குறிப்பேட்டை எடுத்தேன். மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“வந்தவங்கள உக்கார வச்சுட்டு இங்க வந்து என்ன எழுதறீங்க?”

“ஏழு.”

“எது ஏழு?”

“அரைமணிப் பொழுதில் ஏழு முறை அச்சொல்லைக் கூறிவிட்டார்.”

“காபி எத்தன பேருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. அதாவது உதவும்.”

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மண உறுதி நாளன்று, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் இன்ன நாளில் இன்ன இடத்தில் திருமணம் என்று எழுதிய ஓலையை, குடும்பத்தில் மூத்தவர் இரு வீட்டார் முன்னிலையில் உரக்கப் படிக்கவேண்டும். படித்து முடித்த பின்னரே தட்டு மாற்றுவர். ஊரார் இதனை லக்னப் பத்திரிகை என்பர். நான் உறுதி ஓலை என்பேன். என் தந்தைக்குப் பின் எங்கள் வீட்டு ஓலைகள் அனைத்தையும் எழுதியவனும் படித்தவனும் நானே. என் மகளின் ஓலையையும் நானே படித்தேன். அம்மகளின் மகள் இவள். எனக்கு வேறு பெயர்த்தி இல்லை.

“தாத்தா, நீங்கதான் படிக்கணும். வேற யாரு படிச்சாலும் எனக்கு நிச்சயம் பண்ணின மாதிரியே இருக்காது,” என்று அவள் கூறியிருந்தாள்.

இடையூறு ஆனித் திங்களில் வந்தது. என் வாயில் எஞ்சி நின்ற நான்கு பற்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடத் தொடங்கின. தில்லைநகரில் பல் மருத்துவராக இருக்கும் ஓர் இளம்பெண், நான்கையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறியபின் முழுப் பல்வரிசை கட்டலாம் என்றார். மண உறுதியோ ஆவணியில். செய்தி கைலாசபுரத்தை எட்டியதும் மணமகனின் பாட்டனார் தொலைபேசியில் அழைத்தார்.

“சம்பந்தி, உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, நான் படிச்சிடறேன். தொழிற்சங்கக் கூட்டத்துல மைக் புடிச்ச கை இது. மைக் செட்டுக்கும் நானே சொல்லிட்டேன்.”

உதவும் எண்ணத்தில்தான் கூறினார். ஆயினும் ‘இவ்விரு குடும்பத்தாரும் ஒருமனதாக இசைந்து’ என்று நான் எழுதியிருந்த தொடர் அவர் வாயில் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். அன்று உணவு இறங்கவில்லை. பற்கள் இல்லாமையும் அதற்கு ஓர் ஏது.

பல்வரிசை கட்டும் தொழிலில் ஒரு முறை உண்டு. முதலில் இளகிய பசையைத் தட்டில் இட்டு வாய்க்குள் வைப்பர். அது இறுகுவதற்குள் உதடும் கன்னமும் எவ்வாறெல்லாம் அசையுமோ அவ்வசைவுகளின் தடம் விளிம்பில் பதிய வேண்டும்.

“நல்லா பெருசா சிரிங்க ஐயா, வாய் முழுக்க,” என்றார் மருத்துவர்.

நான் உதடுகளைப் பிரிக்காமல் சிறிதே முறுவலித்தேன். என் மகளினும் இளைய ஒரு பெண்ணின் எதிரே பொக்கை வாயைத் திறந்து சிரிப்பது என் இயல்புக்கு ஒவ்வாது.

“இவ்ளோதானா உங்க சிரிப்பு?”

ஆம் என்று தலையசைத்தேன். அவர் நம்பிவிட்டார்.

சில நாள் கழித்து மெழுகில் பற்களை நட்டு என் வாயில் பொருத்தினார். “செட் பண்ணியிருக்கேன், பேசிப் பாருங்க. வீட்டுல பேசற மாதிரி சும்மா பேசுங்க. அறுபது, எழுபதுன்னு எண்ணினாக்கூடப் போதும்.”

எண்ணிக்கையா? என் பற்கள் எதற்காகக் கட்டப்படுகின்றன என்பதை அவர் உணரவில்லை என்று தோன்றியது. இருக்கையிலிருந்து எழுந்து நின்றேன். உறுதி ஓலையின் முதற் பத்தியை, ஆயிரம் பேர் கூடிய அவையில் சொல்வதுபோல் முழங்கினேன். வெளியே காத்திருந்தோர் பேச்சை நிறுத்திக் கேட்டனர். மருத்துவர் என் வாய் திறக்கும் அளவைக் கோலால் அளந்து குறித்துக்கொண்டார்.

“வீட்டுலயும் இப்படித்தான் பேசுவீங்களா ஐயா?”

“ஆம்.”

அவர் ஐயத்துடன் என் மனைவியை நோக்கினார். “இதேதாம்மா,” என்று மனைவி சான்று பகர்ந்தார். “உப்புக் கம்மின்னாலும் இப்படித்தான் சொல்லுவாரு.”

இவ்வாறாக என் பல்வரிசை, சிரிக்காத வாய்க்கும் முழங்கும் வாய்க்குமாக அளவெடுத்துக் கட்டப்பட்டது. அதன் விளைவை வீட்டுக்கு வந்த அன்றே அறிந்தேன். மேடையில் பேசும்போது வாயை அகலத் திறக்கிறோம். வீட்டுப் பேச்சிலோ மேல்வரிசையும் கீழ்வரிசையும் அருகருகே நின்றபடியே வேலையை முடித்துக்கொள்கின்றன. நான் குரலைத் தாழ்த்தி, “காபி இருக்கா?” என்று கேட்டால் இரு வரிசைகளும் மோதித் தாளம் போட்டன. “எனக்குச் சிறிது சூடான குளம்பி வேண்டும்,” என்று குரலுயர்த்தி உரைத்தால் ஓர் ஓசையும் இல்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கச் சொல்வதற்கும், வாயிற்கதவைத் தாழிடச் சொல்வதற்கும், கீரை விற்பவரிடம் கட்டு வாடியிருப்பதைச் சுட்டிக்காட்டுவதற்கும் நான் சொற்பொழிவாற்ற வேண்டியிருந்தது. கீரைக்காரர் இரண்டாம் நாள், “ஐயா பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்,” என்று ஒரு கட்டு கூடுதலாக வைத்தார்.

மருத்துவரிடம் சென்றிருந்தால் ஒரு நொடியில் தேய்த்துச் சரிசெய்திருப்பார். நான் செல்லவில்லை. ஓலையை மட்டும் அப்பற்கள் பழுதின்றிப் படித்தன. அதைப் படிக்கத்தானே கட்டியது? கை வைத்தால் அதுவும் கெடுமோ என்று அஞ்சினேன்.

நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கூடத்தில் நின்று ஓலையைப் பயின்றேன். பெயர்த்தி எங்களோடு தங்கி, வீட்டிலிருந்தே கணினிப் பணி செய்பவள். அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள்.

“தாத்தா, என் மீட்டிங்ல பெங்களூருக்காரங்க எல்லாம் கேக்கறாங்க, யாருக்குக் கல்யாணம்னு.”

“உனக்கு என்று சொல்.”

“சொல்லிட்டேன். பத்திரிகை வேணாமாம், எல்லாம் கேட்டுட்டாங்களாம்.”

“பல்லு கட்டினதுலேருந்து ஒரு சிரிப்பு இல்ல உங்க முகத்துல,” என்றார் மனைவி. “பயிற்சியில் இருக்கிறேன்,” என்று விடையளித்தேன். அவர் கூறியதன் உட்பொருளை நான் அன்று ஆராயவில்லை.

ஆவணியில் நல்ல நாள் வந்தது. திருவரங்கத்துக் கூடத்தில் இரு வீட்டாரும் நிறைந்திருந்தனர். மணமகனின் பாட்டனார் ஒலிபெருக்கியின் முன் நின்று, “செக், செக், மைக் செட் ரெடி,” என்று தாமே ஆய்ந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார். நான் ஓலையை விரித்தேன்.

தற்பெருமை கூடாதெனினும் உண்மையைச் சொல்கிறேன்: முதல் இரண்டு பத்திகளும் என் வாழ்நாளில் நான் படித்தவற்றுள் மிகச் சிறந்தவை. கூடம் அமைதியாயிற்று. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கூட நின்றார். மூன்றாம் பத்தி, ‘இவ்விருவரும் தம்முள் விரும்பி’ என்று தொடங்கும். அவ்விடத்தில் நான் நிமிர்ந்து பெயர்த்தியைப் பார்த்தேன். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் படிக்கும் ஒவ்வொரு சொல்லையும் அவள் ஓசையின்றி உடன் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவுக்கு அப்பால் வேலை பார்த்தபடியே ஓலை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கண்ணைச் சிமிட்டினாள்.

நான் சிரித்தேன். முறுவல் அன்று, வாய் முழுவதும் விரிந்த சிரிப்பு.

மேல்வரிசை விடுபட்டுக் கீழ்வரிசையின் மேல் விழுந்தது. அவ்வோசையை ஒலிபெருக்கி பெரிதாக்கிக் கூடத்தின் கடைசி நாற்காலிவரை கொண்டுசேர்த்தது. யாரோ தேங்காய் உடைத்ததாக நினைத்து, பின்வரிசையில் ஒரு முதியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் உதடுகளை இறுக மூடி நின்றேன்.

மணமகனின் பாட்டனார் எழுந்து வந்தார். ஓலையை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று எண்ணி அதை மார்போடு பிடித்துக்கொண்டேன். அவர் கூடத்துக்கு முதுகைக் காட்டி, என்னை மறைத்தவாறு நின்று, ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினார்.

“என்னாச்சு சம்பந்தி?”

‘செயற்கைப் பல்வரிசை நழுவிவிட்டது’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவு நீண்ட தொடருக்கு வாயில் இடமில்லை. “செட்டு,” என்றேன். ஒன்பது ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

“பதறாதீங்க. எனக்கும் செட்டுதான், பதினோரு வருசமாச்சு,” என்று அவர் மெல்லிய குரலில் கூறினார். அவருக்கு அப்படியொரு குரல் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். “நாக்கால மேல அழுத்திப் புடிங்க. வாயக் கோணாம, சிரிக்காம படிச்சா நிக்கும். பேத்தி பக்கம் மட்டும் பாத்துடாதீங்க.”

“முடியாவிடில்?”

“கழட்டி இந்த டம்ளர்ல போடுங்க. நான் படிச்சுக்கறேன்.”

நாவால் அழுத்தினேன். வரிசை ஏறி நின்றது. இனி அவள் பக்கம் பாராமல், முகத்தை இறுக்கிக்கொண்டு, எஞ்சிய ஒன்றரைப் பத்தியையும் பிழையின்றி முடித்துவிடலாம். ஓலை என்னுடையதாகவே இருக்கும். ஆயினும் அவள் அங்கே மூன்றாம் பத்தியின் நடுவில், என்னோடு சேர்ந்து சொல்வதற்காக, வாய் திறந்தபடி காத்திருந்தாள். அவளைப் பாராமல் படிக்கும் ஓலை யாருக்காக?

மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றி, மேடையில் எனக்காக வைத்திருந்த தண்ணீர்க் குவளையில் இட்டேன். அவர் ஓலைக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் புரிந்துகொண்டு, குவளையை மேல்துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியை என் வாயருகே பிடித்தார்.

பல்லில்லாத வாயில் ழகரம் கெடும் என்று பலர் எண்ணுவர். கெடாது. அது நாவின் நுனி மேலண்ணத்தைத் தடவப் பிறப்பது. பல் அதற்கு வேண்டியதில்லை. கெடுவன தகரமும் நகரமும். மேற்பல் கீழுதட்டைத் தொடப் பிறக்கும் வகரம் அடியோடு போகும். எனவே ‘வாழ்நாள் முழுதும்’ என்ற இடத்தில் ழகரங்கள் இரண்டும் மலைக்கோட்டை போல் நிமிர்ந்து நின்றன, வகரமும் நகரமும் தகரமும் காற்றாயின. நான் அவளைப் பார்த்தே படித்தேன். அவள் இப்போது வாய்விட்டு, எனக்கு ஈடாகச் சொன்னாள். நான் விட்ட எழுத்துகளை அவள் இட்டு நிரப்பினாள். இருவரும் சிரிக்க, ஓலை முடிந்தது.

முடிந்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு. “கல்யாணம் என்னைக்குன்னாரு?” “எந்த மண்டபம்?” கடைசிப் பத்தியில் இருந்தவை நாளும் இடமும். பெயர்த்தி அவ்விடத்தில் சிரிப்பை அடக்கமாட்டாமல் நிறுத்திவிட்டதால், அவை ஒருவருக்கும் விளங்கவில்லை. மணமகனின் பாட்டனார் என்னை நோக்கி இசைவு கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். நான் தலையசைத்தேன். அவர் ஒலிபெருக்கியைத் தம் வாய்க்குத் திருப்பினார்.

“பையனும் பொண்ணும் செட்டு. ரெண்டு வீடும் செட்டு. மண்டபம் இதே மண்டபம், அதுவும் செட்டு. தை மாசம் மொத முகூர்த்தம். எல்லாரும் குடும்பத்தோட வந்து சாப்பிட்டுட்டுப் போகணும்.”

கைதட்டல் எழுந்தது. தட்டு மாற்றினர். என் மனைவி அருகில் வந்து, “நாலு பத்திய நாலு வரியில முடிச்சாரு பாருங்க,” என்றார். பிறகு, “இருந்தாலும் நீங்க படிச்சதுதான் நல்லா இருந்தது, அந்தப் பல்லில்லாத பகுதி,” என்று கூட்டிச் சொன்னார்.

அடுத்த கிழமை மருத்துவரிடம் சென்று நடந்ததை ஒப்புக்கொண்டேன். புதிதாகப் பசை இட்டு, மீண்டும், “சிரிங்க,” என்றார். உடன் வந்திருந்த மணமகனின் பாட்டனார், தொழிற்சாலை ஆய்வுக்கு வந்த உயர் அலுவலர் ஒருவர் முன்னிலையில் தம்முடைய ‘செட்டு’ தும்மலோடு வெளியேறி இரும்புக் குழாய்க்குள் உருண்டு சென்றதையும், அவ்வலுவலரே குனிந்து எடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பசை இறுகிவிட்டது. இப்போது வீட்டில் தாளம் கேட்பதில்லை. வேண்டுமட்டும் சிரிக்கவும் முடிகிறது. தையில் வாழ்த்துரை சொல்ல இருவரையும் மேடைக்கு அழைப்பதாகப் பெயர்த்தி கூறியிருக்கிறாள். ஒலிபெருக்கி ஒன்றே போதும் என்று நாங்கள் உடன்பட்டுள்ளோம்.

குறிப்பேடு இன்னும் முடியவில்லை. நான் கேளாத வழக்குகள் திருச்சிராப்பள்ளியில் இன்னும் பல இருக்கக்கூடும். நான் இட்ட தமிழ்ச்சொற்களுள் பொருந்தாதனவும் இருக்கும். பல் கட்டும் முறையைப் பற்றி எழுதியது நோயாளி ஒருவன் அண்ணாந்து கிடந்து அறிந்துகொண்ட அளவே. அன்று கூடத்தில் இருந்தவர்கள், குறிப்பாகப் பின்வரிசையினர், நான் எதையேனும் மிகுத்தோ குறைத்தோ கூறியிருப்பின் தயங்காது எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். நன்றியுடன் திருத்திக்கொள்வேன்.